பெட்டியில் "18" என்று போட்டிருக்கும். மைக் செருகினால் நாலுதான்!

வீட்டில் ரிக்கார்டிங் வைக்க ஆசைப்படும் திருத்தணி பாட்டுக் கோஷ்டிகள் கவனிக்க

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி!

டிசம்பர் 31-ந் தேதி வந்தால் இந்தப் படிகளில் சூடம் எரியும். படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே கோஷ்டி கோஷ்டியாக மேலே ஏறுவார்கள். 1917-ம் ஆண்டு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஆரம்பித்துவைத்த படித் திருவிழா இது. இங்கிலீஷ் புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைமார்களுக்குச் சலாம் போட ஓடிய கூட்டத்தை, தணிகைமலைத் துரையின் பக்கம் திருப்பிவிட்டார் சுவாமிகள்.

ஆடிக் கிருத்திகை என்றால் கேட்கவே வேண்டாம். புஷ்பக் காவடி, பம்பை, உடுக்கை, "அரோகரா" கோஷம்! தமிழ்க்காரர்கள் ஒரு பக்கம், நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் ஒரு பக்கம். திருத்தணியே 1960 ஏப்ரல் 1-ந் தேதிதானே சித்தூர் மாவட்டத்தில் இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது? ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்திய ஊராயிற்றே! ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பாட்டு மட்டும் இரண்டு பாஷையிலும் நின்றுவிட்டது.

முத்துசுவாமி தீட்சிதர் முதல் கீர்த்தனை பாடியதும் இந்த மலையில்தான் என்பார்கள். கிழவர் வேஷத்தில் முருகன் வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டானாம். மாயாமாளவகௌளை ராகத்தில் பாட்டு பிறந்ததாம்.

சரி, இத்தனை பாட்டும் எங்கே போகிறது?

காற்றோடு போகிறது!

கோஷ்டியில் பம்பை அடிப்பவர் எழுபதைத் தாண்டியவராக இருந்தால், அந்தக் கை இன்னும் எத்தனை ஆடிக்கு வரும்? செல்போனில் பிடித்துவைத்தால், பம்பை மட்டும் "டமடம" என்று கேட்கிறது. பாட்டு எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது.

அதனால்தான் "வீட்டு ரூமிலேயே ஒழுங்காகப் பதிந்துவிடலாமே" என்ற ஆசை பல கோஷ்டிகளுக்கு வருகிறது. ஆசை நியாயமானது. ஒரு கம்ப்யூட்டர், சில மைக், நடுவில் ஒரு பெட்டி. அவ்வளவுதான் சாமான்.

அந்த நடுப்பெட்டிக்குப் பெயர் "ஆடியோ இன்டர்பேஸ்". மைக்கில் விழும் குரலை எண்களாக மாற்றி, கம்ப்யூட்டருக்கு அனுப்புவது இதன் வேலை. கம்ப்யூட்டர் திருப்பித் தரும் எண்களை மறுபடி சத்தமாக்கி ஹெட்போனுக்குக் கொடுப்பதும் இதுவே.

சீட்டுப் பணம் போட்டு வாங்குகிறவர் கோட்டை விடுவதும் இந்தப் பெட்டியில்தான்!

கொல்லையில் ஒரு ஸ்டூடியோ

முதலில் ஒரு விஷயம். எல்லோருக்கும் பெரிய பெட்டி தேவையில்லை.

ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையிலேயே "பஞ்சதன் ரிக்கார்டு இன்" என்ற ஒலிப்பதிவுக்கூடத்தைத் தொடங்கினார். மூன்று வருஷத்தில் "ரோஜா" வந்தது. வீட்டு ஸ்டூடியோ என்றால் கேவலம் இல்லை என்று நாடே தெரிந்துகொண்டது.

கலைஞர்களைத் தனித்தனியாக வரவழைத்துப் பதிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது அவர் பாணி. இன்றைக்குப் புல்லாங்குழல். நாளைக்குப் பாடகர். அடுத்த வாரம் கோரஸ்.

இதற்கு முன்னோடி ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். கிட்டார் வித்வான் லெஸ் பால். 1957-ல் ஆம்பெக்ஸ் கம்பெனியிடம் 10 ஆயிரம் டாலர் கொடுத்து எட்டு டிராக் டேப் மிஷின் ஒன்றை வாங்கி, வீட்டில் நிறுத்திவிட்டார். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். "ஆக்டோபஸ்" என்று அதற்குச் செல்லப்பெயர். அத்தனை பெரிய ராட்சசன் செய்த வேலையை இன்று கைக்கு அடக்கமான பெட்டி செய்கிறது.

ஆக, ஒருவராகப் பாடி ஒருவராகவே அடுக்குகிறவருக்கு ஒரு நேரத்தில் எத்தனை மைக் வேண்டும்? ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு. அவர் இரண்டு மைக் பெட்டி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். எட்டு மைக் பெட்டி அவருக்கு வீண் செலவு.

திருத்தணி பஜனை கோஷ்டிக்கு அது ஆகாது!

ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார். பின்னால் நாலு பேர் வாங்கிப் பாடுவார்கள். திருப்புகழ் சந்தம் எங்கே திரும்புகிறதோ அங்கே மிருதங்கம் திரும்பும். பாடுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தாளக்காரர் வேகம் பிடிக்கிறார். இவர்களைப் பிரித்து, "நீங்கள் மட்டும் இன்றைக்கு வாசியுங்கள்" என்றால் வாசிப்பார். உயிர் இருக்காது.

எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ஆனால், ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். இதற்குத்தான் பல வழிக் கருவி!

"18" என்ன கணக்கு?

கடைக்குப் போனால் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் நம்பர் போட்டிருக்கும். போகஸ்ரைட் கம்பெனியின் "ஸ்கார்லெட் 18ஐ20" என்று ஒரு மாடல். 18 வழி உள்ளே, 20 வழி வெளியே என்று அர்த்தம்.

"அப்போ பதினெட்டு மைக் போடலாமா?"

போட முடியாது. மைக் எட்டுதான்!

மீதிப் பத்து எங்கே? எட்டு வழி, "ஏடாட்" என்கிற கண்ணாடி நார் ஒயர் துளையில் ஒளிந்திருக்கிறது. இரண்டு வழி, டிஜிட்டல் துளை. அதில் மைக்கை நேராகச் செருக முடியாது.

அதே கம்பெனியின் "18ஐ8" மாடலைப் பாருங்கள். அதிலும் 18 தான். மைக் எத்தனை? மூன்றாம் தலைமுறை மாடலில் நாலே நாலு! பெட்டி மேல் இருக்கும் முதல் நம்பர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று கோஷ்டிக்குப் போதும், மற்றது போதாது.

சின்னப் பெட்டியிலும் இதே கூத்துதான். "4ஐ4" என்றால் நாலு வழி, மைக் இரண்டுதான். மோட்டு கம்பெனியின் "எம்4" மாடலும் அப்படியே. பெரிங்கர் "யு.எம்.சி.404எச்.டி." மாடலில் நாலுக்கு நாலும் மைக் போடலாம். "யு.எம்.சி.1820"-ல் பெயரில் 18, மைக் எட்டு. டாஸ்காம் "யு.எஸ்.16எக்ஸ்08" மாடலில் 16 வழி, மைக் எட்டு. மீதி எட்டும் கீபோர்டு மாதிரி சாமான்களுக்கு.

இதில் கம்பெனிகள் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்ட முடியாது. உள்ளே விவரத்தாளில் எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். வாங்குகிறவர் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை இன்புட்டு?" என்று கேட்கக்கூடாது. "மைக் பிரீஆம்ப் எத்தனைங்க?" என்று கேட்கவேண்டும். மைக்கில் இருந்து வரும் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் உறுப்பு அது. மூன்று முள் மைக் ஒயர் நேராகப் போய்ச் செருகும் துளை எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஆறு என்று இருக்கும். திருப்பிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

அந்த ஏடாட் துளை சும்மா இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அலெசிஸ் என்ற கம்பெனி, வீடியோ கேசட்டில் எட்டு டிராக் பதியும் மிஷின் கொண்டுவந்தது. அதன் பெயர் ஏடாட். மிஷின் போய்விட்டது, துளை நிலைத்துவிட்டது! பின்னாளில் எட்டு மைக் உள்ள தனிப் பிரீஆம்ப் பெட்டி வாங்கி, ஒரே ஒயரில் இதில் இணைத்தால் மைக் பதினாறு ஆகிவிடும். கோஷ்டி பெரிதாகும் என்று நினைப்பவர் இந்தத் துளை உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கலாம். ஒரு நிபந்தனை: நொடிக்கு 48 ஆயிரம் மாதிரி என்ற வேகத்தில்தான் எட்டு வழி. 96 ஆயிரம் வைத்தால் நாலாகக் குறைந்துவிடும்.

ஜால்ராவுக்கு மைக் வேண்டாம்!

கோஷ்டிக்கு எத்தனை மைக்? உட்கார்ந்து எண்ணவேண்டும்.

முன்பாட்டுக்காரருக்கு ஒன்று. பின்பாட்டுக்கு இரண்டு, இரண்டு இரண்டு பேராகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆர்மோனியத்துக்கு ஒன்று. பிடிலுக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஆக ஏழு.

ஜால்ராவுக்கு? மைக்கே வேண்டாம். அது எங்கே உட்கார்ந்தாலும் எல்லா மைக்கிலும் விழும். (ஜால்ராவின் குணமே அதுதானே!) அதைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பதுதான் பிரச்சினை.

எட்டாவது மைக்? கஞ்சிராக்காரர் ஒருவர் சொல்லாமல் வந்து நிற்பார். அவருக்கு!

பம்பை, உடுக்கை என்றால் கணக்கு மாறும். பம்பையே இரட்டைப் பறை. அதற்கே இரண்டு மைக். அடி பலமாக விழும். மென்மையான கண்டென்சர் மைக்கைவிட, மேடையில் சவுண்டு சர்வீஸ்காரர் வைக்கும் டைனமிக் மைக்கே இதற்குப் போதும், அடியும் தாங்கும்.

கண்டென்சர் மைக்குக்குப் பெட்டியில் இருந்தே 48 வோல்ட் மின்சாரம் போகவேண்டும். "பான்டம் பவர்" என்று பெயர். சில பெட்டிகளில் நாலு மைக்குக்கு ஒரே பொத்தான். டைனமிக் மைக்குகளை அதோடு சேர்த்துச் செருகினாலும், ஒயர் நல்லதாக இருந்தால் கெடுதல் இல்லை. பழைய ரிப்பன் மைக் இருந்தால் மட்டும் தள்ளியே வையுங்கள்.

பம்பைக்காரர் ஒத்திகையில் மெதுவாக அடிப்பார். சாமி வந்தபிறகு அடிப்பது வேறு! மீட்டரில் சிவப்பு எரிந்தால் அந்த அடி வெட்டுப்பட்டுவிடும். அதை எந்தக் கம்ப்யூட்டரும் சரி செய்யாது. இப்போது வரும் பெட்டிகள் 24 பிட். கொஞ்சம் தாழ்த்திப் பதிந்தாலும் நஷ்டம் கிடையாது. பிற்பாடு ஏற்றிக்கொள்ளலாம்.

மிக்சர் மயக்கம்

"நம்ம சவுண்டு சர்வீஸ் தம்பிகிட்ட பன்னிரண்டு சானல் மிக்சர் இருக்கு. யு.எஸ்.பி. துளையும் இருக்கு. அதுவே போதாதா?"

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். அங்கேதான் விஷயம்!

மிக்சர் பன்னிரண்டு வழி சத்தம் வாங்கும். ஆனால் பல மிக்சர்களில் யு.எஸ்.பி. வழியே கம்ப்யூட்டருக்குப் போவது இரண்டே வழி. எல்லாம் கலந்து, இடது வலது என்று இரண்டாகிவிடும். யமஹா "எம்.ஜி.12எக்ஸ்.யு." அப்படிப்பட்டது. மேடைக்கு அருமையான சாமான். தனித்தனியாகப் பதிய அது செய்யப்பட்டதே இல்லை.

கலந்தபின் என்ன ஆகும்? பின்பாட்டுக்காரர் ஒரு இடத்தில் இருமியிருப்பார். மிருதங்கம் பாட்டை அமுக்கியிருக்கும். குறைக்க முடியாது. பாலில் தண்ணீர் கலந்தபிறகு அன்னப்பறவையைத்தான் கூப்பிடவேண்டும்!

தனித்தனி டிராக்காக இருந்தால் இருமலை மட்டும் அழித்துவிடலாம். பத்து வருஷம் கழித்து, பம்பைக்காரருடைய பேரன் தாத்தாவின் அடியை மட்டும் தனியாகக் கேட்டுப் படிக்கலாம்.

எல்லா வழியையும் தனித்தனியே அனுப்பும் மிக்சர்களும் உண்டு. ஜூம் "லைவ்டிராக் எல்-12" என்ற மாடலில் எட்டு மைக்குக்கு இடம் உண்டு. கம்ப்யூட்டரே இல்லாமல் எஸ்.டி. கார்டில் தனித்தனி டிராக்காகப் பதிந்துவிடும். கம்ப்யூட்டர் என்றாலே கை நடுங்கும் பெரியவர்களுக்கு இது தேவலை.

தாளம் தள்ளிப்போகுதே!

புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளே போடும் கூச்சல் இது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால் தன் குரலே பின்னால் வருகிறது என்பார்கள்.

பெட்டி கெட்டுப்போகவில்லை. சத்தம் எண்ணாகி, கம்ப்யூட்டருக்குள் போய், திரும்பி வர நேரம் பிடிக்கிறது. கம்ப்யூட்டர் எண்களைச் சிப்பம் சிப்பமாக வாங்கும். சிப்பத்துக்கு 256 மாதிரி என்று வைத்தால், 48 ஆயிரம் வேகத்தில், நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குத் தாமதம். 1,024 என்று வைத்தால் ஆயிரத்தில் 21 பங்கு. இது ஒரு வழிக் கணக்கு.

ஆயிரத்தில் 21 என்றால் என்ன பெரிசு என்று தோன்றும். அந்த நேரத்தில் சத்தம் காற்றில் ஏழு மீட்டர் போய்விடும். மண்டபத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து தாளம் போடுகிறவரைக் கேட்டு இந்தக் கோடியில் பாடுவது போல இருக்கும். திருப்புகழ் சந்தம் தாங்குமா?

பரிகாரம் இரண்டு. பதியும்போது சிப்பத்தைச் சின்னதாக்குங்கள். இல்லாவிட்டால், மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் போகாமல் பெட்டிக்குள்ளேயே திருப்பி ஹெட்போனுக்குத் தரும் வசதி இருக்கிறதா பாருங்கள். "டைரக்ட் மானிட்டர்" என்பார்கள். இப்போது பல பெட்டிகளில் இருக்கிறது. ஹெட்போன் துளை ஒன்றா, இரண்டா என்பதையும் கையோடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், அந்தக் கம்பெனியே எழுதிய "ஆசியோ" டிரைவர் இருக்கிறதா என்று கேட்பது முக்கியம். இது இல்லாத பெட்டி ஓடும், கோஷ்டியைத்தான் ஓடவிடாது.

யு.எஸ்.பி. 2.0 ஒயர் எட்டு மைக்கைத் தாங்குமா என்று சிலருக்குச் சந்தேகம். தாராளமாகத் தாங்கும். எட்டு வழிக்கும் சேர்த்து நொடிக்கு 9.2 மெகாபிட்தான். ஒயரின் கணக்கு 480! அதே மாதிரி "192 ஆயிரம் வேகம் சார்" என்று விற்பவர் ஆசை காட்டினால் மயங்க வேண்டாம். சி.டி.யின் வேகமே 44,100 தான். 48 ஆயிரத்தில் பதிந்தால் பஜனைக்கு ஒரு குறையும் வராது.

ரயில், தறி, கரண்ட்

அரக்கோணத்தில் இருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதை திருத்தணி வழியாகத்தான் போகிறது. ரயில் போகும்போது பாட்டை நிறுத்திக்கொள்ளலாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறியை என்ன செய்வது? கருவிக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டிவிட்டு, தறிச் சத்தத்தைத் துல்லியமாகப் பதிந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்! பெட்டி வாங்குமுன் ரூமை ஒரு நாள் முழுக்கக் கேட்டுப் பார்ப்பது நல்லது. கனத்த ஜமக்காளம், பஞ்சு மெத்தை, துணி பீரோ எல்லாம் எதிரொலியைக் குறைக்கும். வெளிச்சத்தத்தை அவை நிறுத்தாது. கதவு இடுக்கை அடைத்தால்தான் கொஞ்சம் குறையும்.

கரண்ட் விஷயத்தில் கவனம் தேவை. எட்டு மைக் பெட்டிக்குத் தனி மின்சார இணைப்பு வேண்டும், யு.எஸ்.பி. ஒயரில் வரும் மின்சாரம் பத்தாது. வீட்டில் எர்த் சரியில்லை என்றால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் எல்லா டிராக்கிலும் ஏறும். பெட்டியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடவேண்டும். கட்டுப்படியான விலைக்கு வரும் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினாலும் இதே இரைச்சல்தான்.

"பயர்வயர்" பேரம்

திருத்தணி லோக்கலைப் பிடித்து சென்னை போய் ரிச்சி தெரு பக்கம் சுற்றினாலோ, பழைய சாமான் விளம்பரம் பார்த்தாலோ, எட்டு மைக் பெட்டி அடிமாட்டு விலைக்குக் கண்ணில் படும். பெரிய கம்பெனி, கனமான இரும்புப் பெட்டி, பார்க்க ஜோராக இருக்கும்.

பின்னால் திருப்பி, ஒயர் துளையைப் பாருங்கள். "பயர்வயர்" என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்! இப்போது விற்கும் கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாது. யு.எஸ்.பி. பெட்டியாகவே இருந்தாலும், அந்த மாடலுக்கு இன்றைய விண்டோஸில் ஓடும் டிரைவரைக் கம்பெனி தருகிறதா என்று கம்பெனியின் வெப்சைட்டில் பார்த்தபிறகே காசை எடுக்கவேண்டும். முடிந்தால் சொந்த லேப்டாப்பையும் ஒரு மைக்கையும் தூக்கிக்கொண்டு போய், எட்டுத் துளையிலும் மாற்றி மாற்றிச் செருகி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிப் பார்த்துவிடலாம். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புதுசு வாங்குகிறவர் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கினால்தான் வாரண்டி நிற்கும்.

எட்டு மைக்கும் ஒரு மணி நேரம் ஓடினால் கம்ப்யூட்டரில் நாலு ஜி.பி.க்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஒரு ராத்திரி பஜனை நாலு மணி நேரம் என்றால் பதினாறு, பதினேழு ஜி.பி. இரண்டு டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்தால் தேவலை.

படித் திருவிழாவுக்கு மட்டும் இந்தப் பெட்டி எதுவும் உதவாது. 365 படியில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது? அன்றைக்குக் கையில் பிடிக்கும் ரிக்கார்டர்தான். ஜூம் "எச்6" என்ற கருவியில் தலையில் இரண்டு மைக், அதற்குமேல் நாலு மைக் ஒயர் செருகலாம். ஆறும் தனித்தனி டிராக்காகப் பதியும். நாலு சாதாரணப் பென்சில் பேட்டரியில் ஓடும். படிக்கு ஒரு பாட்டு நின்று பாடி, சூடம் காட்டி, மேலே போய்ச் சேருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடலாம். இன்னொரு செட் மடியில் இருக்கட்டும்.